இல்லாத கல்யாணத்துக்கு வைத்த வெற்றிலை

நான் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஊர் வந்து சேர்ந்த அன்று அக்கா என்னிடம் இரண்டே வாக்கியங்கள் சொன்னாள். ஒன்று, காலைக் கழுவிவிட்டு உள்ளே வா என்பது. இன்னொன்று, இனிமேல் இந்தப் பிள்ளைக்கு எல்லாமே நீதான் என்பது. முதலாவதை உடனே செய்துவிட்டேன். இரண்டாவதில்தான் சிக்கிக்கொண்டேன்.

பிள்ளை என்று அவள் சொன்னது தன் ஒரே மகளை. பத்தொன்பது வயது. தேனியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம். அவளுடைய அப்பா, அதாவது என் மச்சான், அதற்கு இரண்டு வருடம் முன்னால் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வந்து, நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தகவல் கிடைத்து, லீவு வாங்கி, ரயில் மாறி மாறி நான் வருவதற்குள் சாம்பலைக்கூட ஆற்றில் கரைத்திருந்தார்கள். அந்த லீவில் நான் செய்த ஒரே வேலை, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதுதான்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. அதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. லீவில் வந்ததும் பெண் பார்க்க ஆரம்பிப்பார்கள். ஜாதகம் பொருந்தும். பெண் வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொல்வார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். இப்படியே சர்வீஸ் ஓடி, ஹவில்தாராக வெளியே வந்தபோது முப்பத்தேழு வயது. டிரங்குப் பெட்டியோடு அக்கா வீட்டில்தான் வந்து இறங்கினேன். கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவே மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஊர். வீட்டுக்குப் பின்னால் நடந்தால் மச்சானின் தோட்டம், அதற்கும் பின்னால் கேரளாவுக்கு ஏறும் மலை.

மருமகளைப் பற்றி அக்கா முன்பெல்லாம் போனில் சொல்வது நினைவிருந்தது. வாயைத் திறந்தால் பொய், வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் சளசளவென்று பேச்சு, அப்பனிடம் என்ன சொன்னாலும் அவர் நம்பிவிடுகிறார் என்று. நான் வந்து பார்த்த பெண் அப்படி இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். "சரிங்க மாமா", "ஆமாங்க மாமா", "வேண்டாங்க மாமா". அப்பா போனதிலிருந்தே இப்படித்தான் என்றாள் அக்கா. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. யூனிட்டில் இப்படிப் பேசுகிற ஜவானை நல்ல பிள்ளை என்போம்.

தகப்பனாக இருப்பது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. எங்கள் அப்பா திட்டுவதற்கு மட்டும் வாயைத் திறப்பார். எனக்குத் தெரிந்த நல்ல தகப்பன் என்றால் அது எங்கள் சுபேதார் சாப்தான். பூட்ஸில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பார், பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார், வெளியே போனவன் திரும்பி வரும்வரை வாசலில் நிற்பார். நானும் அதையே செய்தேன். காலையில் அவள் எழுவதற்கு முன்பே தண்ணீர் பாட்டிலை நிரப்பி வைத்தேன். செருப்பு அறுந்திருப்பதைப் பார்த்து, அவளைக் கேட்காமலே தைத்துக் கொண்டுவந்தேன். சாயங்காலம் பஸ் வருவதற்கு முன்பே பைக்கோடு ஸ்டாப்பில் நின்றேன். ஸ்டாப்பிலிருந்து வீடு நடக்கிற தூரம்தான். ஆனாலும் நின்றேன்.

அவள் பஸ்ஸிலிருந்து சிரித்துக்கொண்டே இறங்குவாள். என்னைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிடும். பின்சீட்டில் ஒருபக்கமாக உட்கார்ந்து புத்தகப் பையை எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்துக்கொள்வாள். புத்தகம் கசங்காமல் பார்த்துக்கொள்கிறாள், பொறுப்பான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். எதிரே சைக்கிளில் வருகிறவர்கள் எங்களைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரிப்பார்கள். நானும் பதிலுக்குச் சிரித்து வைப்பேன்.

பகலில் தோட்டம். மச்சானின் தோட்டம் பன்னீர் திராட்சை. கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்து, கொடியை மேலே படரவிட்ட பந்தல். மச்சான் என் தோளுக்குத்தான் வருவார், பந்தலும் அவர் உயரத்துக்கு ஏற்றபடிதான் இருந்தது. நான் உள்ளே நுழைந்தால் குனிந்த தலை குனிந்தபடியே இருக்க வேண்டும். சாயங்காலம் வெளியே வந்து நிமிரும்போது முதுகு கதவுக் கீல் போலச் சத்தம் போடும். கொடியைக் கவாத்து வெட்டத் தெரியாமல் முதல் தடவை காய்ப்புக்கு விட வேண்டிய கண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டேன். அந்தப் போகம் இலைதான் விளைந்தது. வியாபாரி வந்து பார்த்துவிட்டு, ஆட்டுக்குப் போடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வடுகபட்டிப் பெரியம்மா என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் அம்மாவின் அக்கா. சொந்தத்தில் யார் யாருக்கு என்ன முறை, யார் என்ன செய்ய மறந்தார்கள் என்பதெல்லாம் அதன் வாயில் இருக்கும். மருமகள் பெரியவளானபோது தாய்மாமன் சீர் கொண்டுவராத ஒரே வீடு எங்கள் வீடுதான் என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் சொன்னது. உண்மைதான். அந்தச் சமயம் நான் பனிமலையில் இருந்தேன், லீவு கிடைக்கவில்லை. ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர்தான் என் இடத்தில் நின்று மாலை போட்டார். வீட்டில் இருக்கிற ஆல்பத்தில் அவர் முகம்தான் இருக்கிறது.

அன்று ராத்திரியே முடிவு பண்ணிவிட்டேன். விட்டுப்போன சீரைச் செய்துவிடுவது. தாமதமானால் என்ன, செய்ய வேண்டியதைச் செய்கிறோம். அக்காவிடம் சொன்னபோது அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உன் இஷ்டம் தம்பி என்றாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று கேட்டிருக்க வேண்டும். எனக்கு உத்தரவுகளைத்தான் படிக்கத் தெரியும், பார்வைகளை அல்ல.

கம்பத்தில் ஜவுளிக் கடைக்குப் போனேன். விற்கிற பெண் யாருக்கு சார் என்றாள். நம்ம வீட்டுப் பெண்ணுக்கு, விசேஷத்துக்கு என்றேன். அரக்குக் கலரில் அகலமான ஜரிகை போட்ட பட்டை எடுத்துப் போட்டாள். பார்க்க நன்றாக இருந்தது. வளையல், பூ, பழம், தேங்காய், வெற்றிலை பாக்கு எல்லாம் வாங்கினேன். காலண்டரைப் பார்த்து வளர்பிறை முகூர்த்த நாளாக ஒரு வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். முறையாகச் செய்ய வேண்டும் என்பதற்காக வடுகபட்டிப் பெரியம்மாவுக்கும் சொல்லி அனுப்பினேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு தாம்பாளமாகத் தூக்கிவர, நான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்து முன்னால் நடந்து வந்தேன். மேளம் மட்டும்தான் இல்லை.

இதைப் படிக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குத்தான் புரியவில்லை. சடங்கு முடிந்து வருடக்கணக்கான பெண்ணுக்கு, கல்யாணமாகாத தாய்மாமன், முகூர்த்த நாளில், கூறைப்புடவைக் கலரில் பட்டும் பூவும் வெற்றிலையும் தாம்பாளத்தில் வைத்துத் தெரு வழியே கொண்டுவந்தால் அதற்குப் பெயர் சீர் இல்லை. பரிசம். எங்கள் பக்கம் அக்கா மகளைக் கட்டிக்கொள்வது தப்பு இல்லை, முதல் உரிமையே தாய்மாமனுக்குத்தான். இத்தனை வருடம் வெளியே இருந்ததில் எனக்கு அது மறந்துபோகவில்லை. என்னைப் பற்றியும் அப்படி நினைப்பார்கள் என்பதுதான் மண்டையில் ஏறவில்லை.

அன்று அவளுக்குக் கல்லூரி அரை நாள்தான். மத்தியானம் அவள் வந்தபோது வீடு நிறையப் பெண்கள். நடு வீட்டில் தாம்பாளங்கள் வரிசையாக இருந்தன. அவள் வாசல்படி ஏறியதும் பெரியம்மா குலவை போட்டுவிட்டு, பூச்சரத்தை எடுத்துக்கொண்டு அவள் தலையில் வைக்கப் போனது. அவள் ஒரு எட்டு பின்னால் போனாள். புடவையைப் பார்த்தாள். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெட்கம் என்றார்கள் பெண்கள். நான் கதவுக்கு வெளியே போய் நின்று, கலர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், பில் இருக்கிறது என்று சொன்னேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்குக் காது சூடாகிறது.

திங்கட்கிழமை ஒரு பெரிய பையோடு கல்லூரிக்குப் போனவள், பரீட்சை வருகிறது, ஹாஸ்டலில் சேர்ந்துவிட்டேன் என்று அம்மாவுக்குப் போன் பண்ணினாள். படிக்கட்டும், நல்லதுதானே என்றேன். அக்கா தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவ படிக்கப் போகல தம்பி. உனக்குப் பயந்து போயிருக்கா. படிப்பு முடிஞ்சதும் கோயமுத்தூர்ல எங்கயாச்சும் வேலை பாத்துக்கிட்டு அங்கனயே இருந்துக்கிறேன், இங்கன வரமாட்டேன்னு சொல்லிட்டா."

"நான் என்ன பண்ணுனேன்?"

"பரிசம் போட்டுட்டு என்ன பண்ணுனேன்னு கேக்குற."

அப்போதுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. நடுவில் வைத்த பை, நின்றுபோன சிரிப்பு, சைக்கிள்காரர்களின் இளிப்பு, நிரப்பி வைத்த பாட்டிலை அவள் ஒருநாளும் எடுத்துப் போகாதது. நான் வந்து இறங்கிய நாளிலிருந்தே அவள் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் தகப்பன் என்று நினைத்துக்கொண்டு செய்த ஒவ்வொன்றும் அவள் கணக்கில் வேறு மாதிரி ஏறியிருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. கூச்சத்தைவிடக் கோபம் அதிகம். என் மடியில் வைத்துத்தானே அக்கா அந்தப் பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம், என் வேட்டியைக் கடித்துக்கொண்டு அழுதாளே, அந்தப் பிள்ளையைப் போய் நான் அப்படி நினைப்பேனா என்று சத்தம் போட்டேன்.

அக்கா சத்தம் போடவில்லை. மடியில் உட்கார வைத்தவன்தானே உரிமைக்காரன் என்றாள். தனக்கும் அந்த எண்ணம் இருந்தது என்றாள். நீ தனியாக இருக்கிறாய், அவளுக்கும் அப்பா இல்லை, தோட்டம் வெளியே போகாது, பிள்ளையும் கண்முன்னால் இருக்கும் என்று நினைத்தேன், வயசு வித்தியாசம் கொஞ்சம் கூடத்தான், ஊரில் இல்லாததா என்றாள். நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாததால் அந்தக் கோபத்தையும் குனிந்தபடிதான் பட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டலுக்குப் போனேன். கேட்டில் இருந்த அம்மாள் நீங்கள் யார் என்றாள். தாய்மாமன் என்றேன். அப்பா, அம்மா, கூடப் பிறந்த அண்ணன் தம்பி மட்டும்தான் பார்க்கலாம், மாமன் மச்சான் எல்லாம் இங்கே கூடாது என்று சொல்லிவிட்டாள். அவள்மேல் தப்பு இல்லை. மாமன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள். அப்பா என்று சொல்லியிருந்தால் ஒருவேளை உள்ளே விட்டிருப்பாள். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தையை நானாக எடுத்துக்கொள்ள முடியாது, அது அவள் கொடுக்க வேண்டியது என்று தோன்றியது. அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கை மட்டும் கேட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மாடி ஜன்னலில் யாரோ நின்றது போல இருந்தது. அவளா என்று தெரியவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றே ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டுக்கு வருவாளா மாட்டாளா. நான் வேறு ஊருக்குப் போய்விடலாம், எங்காவது வங்கியில் காவலாளி வேலை கிடைக்கும். அப்படிப் போனால், பெண் மறுத்ததால் மாமன் கோபித்துக்கொண்டு போனான் என்பார்கள். அந்தப் பேச்சும் அவள் தலையில்தான் விடியும். அவளிடம் தனியாகப் போய் விளக்கலாம். ஆனால் பரிசத்தை நான் அவளிடம் தனியாகக் கொடுக்கவில்லையே. தெருவே பார்க்கக் கொடுத்தேன். அதை எடுப்பதும் அப்படித்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் கம்பத்தில் ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் வாங்கிவந்து அக்கா முன்னால் வைத்தேன். எங்கள் பக்கம் ஒரு விசேஷத்துக்கு அழைப்பதென்றால் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் வரமாட்டார்கள், கார்டு அனுப்பினாலும் கணக்கில் சேராது. கல்யாணம் நடக்கிறது என்பதை வெற்றிலை வைத்துச் சொல்லலாம் என்றால், நடக்கவில்லை என்பதையும் அப்படியே சொல்லலாம் என்பது என் யோசனை. அக்கா ஊர் சிரிக்கும் என்றாள். சிரிக்கட்டும், சிரித்தால்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்றேன். நீயும் கூட வர வேண்டும் என்றேன். அதற்கு அவள் முகம் மாறிவிட்டது. மச்சான் போன பிறகு அவள் எந்த விசேஷத்துக்கும் அழைக்கப் போனதில்லை. போகக்கூடாது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, அதுதான் வழக்கம்.

"நான் எப்படிடா வெத்தல வைக்க வாரது?"

"கல்யாணம் இல்லைன்னு சொல்லத்தான போறோம். அதுக்கு நீ வரலாம்."

அவள் என்னை முறைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நான் வந்ததிலிருந்து அக்கா சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலை மாற்றப் போனாள். அவள் பைக்கில் ஏறியபோதே அவளுடைய எண்ணத்தையும் கீழே வைத்துவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது.

முதலில் லோயர் கேம்ப். பவர் ஹவுஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் சித்தப்பா வீடு. தட்டில் வெற்றிலையை வைத்து நீட்டினேன். எடுத்துக்கொண்டு, தேதி குறிச்சாச்சா என்று கேட்டார். நான் அதற்குள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் கொண்டுவந்தது விட்டுப்போன சடங்குச் சீர், பரிசம் இல்லை. அந்தப் பிள்ளையை நான் கட்டப்போவதில்லை. அவளுக்கு நான் அப்பன் ஸ்தானம். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நடக்கும்போது இதே வெற்றிலையோடு வருவோம், எல்லோரும் வர வேண்டும். யூனிட்டில் ரோல்கால் சொல்வது போல ஒரே குரலில் சொல்லி முடித்தேன். சித்தப்பாவுக்குக் கையில் இருந்த வெற்றிலையை வாயில் போடுவதா தட்டில் திரும்ப வைப்பதா என்று தெரியவில்லை. சித்திதான் உள்ளிருந்து, போட்டுக்கங்க, நல்ல விஷயம்தான் சொல்றான் என்றது.

கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று ஒவ்வொரு வீடாகப் போனோம். சில வீடுகளில் சிரித்தார்கள். ஒரு வீட்டில், உனக்கு வேறு யாரையாவது பிடித்திருக்கிறதா, மலையாளத்துப் பொண்ணா என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இன்னொரு வீட்டில், பட்டாளத்தில் தலையில் அடிகிடி பட்டதா என்று அக்காவிடம் விசாரித்தார்கள். தேவதானப்பட்டியில் ஒன்றுவிட்ட அண்ணன், அன்று என் இடத்தில் நின்று மாலை போட்டவர், அப்படியானால் என் பையனுக்குக் கேட்கலாமா என்றார். அவளைத்தான் கேட்க வேண்டும், படிப்பு முடியட்டும் என்று அக்கா சொன்னாள். அதை அவள் வாயால் கேட்டபோது எனக்கு அங்கே வரை வண்டி ஓட்டி வந்த அலுப்பு போய்விட்டது.

கடைசியாக வடுகபட்டி. அதைக் கடைசியில் வைத்ததே பயத்தினால்தான். பூண்டு மண்டிகள் இருக்கும் தெருவுக்குப் பின்னால் பெரியம்மா வீடு. தட்டை நீட்டிச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெரியம்மா தட்டை வாங்கித் தரையில் வைத்தது. வெற்றிலையைத் தொடவில்லை.

"முறைய மாத்த நீ யார்ரா? அப்பன் செத்தா மாமன் அப்பன் ஆயிருவானா? அப்பொறம் மாமன்னு ஒருத்தன் எதுக்கு?"

மனப்பாடம் செய்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பெரியம்மா கேட்டது நியாயமான கேள்வி என்றுகூடத் தோன்றியது. காபி வந்தது. குடித்தோம். தட்டு அப்படியே கிடந்தது. வைத்த வெற்றிலையை எடுக்காமல் திருப்பி அனுப்பினால் அந்த உறவு அதோடு முறிந்தது என்று அர்த்தம். பெரியம்மாவுக்கு அது எங்களைவிட நன்றாகத் தெரியும்.

அப்போது அக்கா பேசினாள். "அவுக செத்த பொறகு எம்மக வாயே தொறக்கல பெரியம்மா. நாம குலவ போட்டதுல வீட்ட விட்டும் போயிட்டா. முறைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? எனக்கு எம்மக வேணும்."

பெரியம்மா குனிந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, புடவையில் துடைத்து, சுண்ணாம்பு தடவி வாயில் போட்டுக்கொண்டது. பிள்ளை என்ன படிக்கிறது என்று கேட்டது. கம்ப்யூட்டர் என்றாள் அக்கா. கண்ணு கெட்டுப்போகும், கேரட் குடு என்றது பெரியம்மா. கிளம்பும்போது ஒரு மஞ்சப்பை நிறையப் பூண்டு கொடுத்தது. வழி நெடுக வண்டியில் பூண்டு வாசம்.

இதெல்லாம் அவள் காதுக்குப் போகும் என்று நினைத்தோம். போனது. பெரியம்மாவின் பேத்தி அவளுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் அவள் உடனே வரவில்லை. அம்மாவிடம் பேசுவாள், சாப்பாடு நன்றாக இல்லை என்பாள், என்னைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டாள். நான் ஞாயிறுதோறும் கேட்டில் பலகாரத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருமுறை அந்த அம்மாள், பாப்பா இதைக் கொடுத்தது என்று காலி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். கழுவித் துடைத்திருந்தது. அதற்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. காலி டப்பாவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைக்கு வந்துவிட்டோமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த கவாத்தை ஒழுங்காகப் பண்ணியிருந்தேன். காய் பிடித்து, நிறம் ஏறி, வியாபாரி வந்து பார்த்து இந்தத் தடவை ஆட்டைப் பற்றிப் பேசாமல் போனார். குலை வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் பந்தலுக்குள் குனிந்து நின்றிருந்தேன். வரப்பில் செருப்புச் சத்தம் கேட்டது. குனிந்திருந்ததால் முதலில் காலைத்தான் பார்த்தேன். நான் தைத்துக் கொடுத்த செருப்பு. வெளியே வந்து நிமிர்ந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

எப்போது வந்தாய் என்றேன். இப்பத்தான் என்றாள். ஒரு குலையை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி கேட்டாள்.

"லோயர் கேம்ப்ல இருந்து வடுகபட்டி வரைக்கும் வெத்தல வச்சீகளாம். எனக்கு வைக்கலையே மாமா."

கேலியா நிஜமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வீட்டுக்குப் போனோம். அக்காவிடம் தட்டு வாங்கி வெற்றிலை பாக்கு வைத்து, அவள் எதிரே நின்றேன். மற்ற வீடுகளில் சொன்னதையே சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் குரல் நின்றுவிட்டது. எங்கள் யூனிட்டில் யாரும் இதைப் பார்க்கவில்லை என்பது ஒரு ஆறுதல். கடைசியில், "உன்னய நான் எம்மகளாத்தான் பாத்தேன் ஆத்தா. பாக்கத் தெரியாமப் பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். மெல்லத் தெரியாது அவளுக்கு. கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஹாஸ்டலைக் காலி பண்ணிக்கொண்டு வந்தாள். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மழை பெய்தால் மட்டும் அவளே போன் பண்ணுவாள், போவேன். பை தோளில்தான் இருக்கும். அந்த அரக்குப் பட்டு பீரோவில் கிடந்தது. ஹாஸ்டல் தோழி ஒருத்தி கல்லூரிப் பொங்கல் விழாவுக்குக் கேட்டாளென்று மருமகள் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வரும்போது அதில் சாம்பார் கறை இருந்தது. அக்கா திட்டினாள். அவள் பதிலுக்குக் கத்தினாள். எங்கள் வீட்டில் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

போன மாதம் தோட்டத்துக்கு மருந்து வாங்கத் தேனிக்குப் போயிருந்தேன். மத்தியான நேரம். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சினிமா விட்டு வந்த கூட்டத்தில் அவளைப் பார்த்தேன். நான்கைந்து பெண்கள், எல்லோர் கையிலும் ஐஸ்கிரீம். எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கோபம் வந்தது. கல்லூரி நேரத்தில் சினிமாவா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். பிறகு அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனம் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு தெரு வழியாக வந்துவிட்டேன்.

சாயங்காலம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள். ஏன் லேட் என்று கேட்டேன். பையை எறிந்துவிட்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"ஸ்பெஷல் கிளாஸ் மாமா. அந்த மிஸ் விடவே மாட்டேன்னுட்டாக. எழுதி எழுதிக் கையே வலிக்குது" என்று கையை உதறிக் காட்டினாள். கண் இமைக்கவில்லை. என் தட்டிலிருந்து ஒரு துண்டு தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, கை கழுவப் பின்பக்கம் போனாள்.

அப்படியா என்று மட்டும் நான் சொல்லியிருந்தேன். அடுப்படியில் அக்கா தோசையைத் திருப்பிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"நம்பிட்டியா?"

"நம்பாம?"

"அவுக அப்பாகிட்டயும் இதே ஸ்பெஷல் கிளாசத்தான் சொல்லுவா. அவரும் அப்படியான்னு தலைய ஆட்டிட்டு, அடுத்த தோசையக் கேப்பாரு."

நான் தட்டை நீட்டி அடுத்த தோசையைக் கேட்டேன்.